ராஜநாயக்கனின் கை

எனக்கு ரெண்டு பேர். பள்ளிக்கூடத்தில் ஒன்று, கோயிலில் ஒன்று. சேரியில் பிறந்த கிறிஸ்தவர்களில் பலருக்கு இப்படித்தான் என்பதால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் என் ஆயாவுக்கு, அப்பாவைப் பெத்த அம்மாவுக்கு, அது கடைசிவரை ஆறவில்லை.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையில் நடவும் அறுப்பும் செய்தே முதுகு வளைந்த பொம்பளை. ஞானோபதேசத்தை மட்டும் காதால் கேட்டே தலைகீழாய்ச் சொல்லும். கற்பனைகளில் எது பெரிசு என்று வேதபாரகன் ஒருவன் இயேசுவைக் கேட்ட கதையைத்தான் எங்களுக்கு அடிக்கடி சொல்லும். கடவுளை எப்படி நேசிக்க வேண்டும் என்பதை விரல்விட்டுக் காட்டும். சுண்டுவிரல் இருதயம், அடுத்தது ஆத்துமா, அப்புறம் மனசு, அப்புறம் பலம். நாலிலும் மிச்சம் வைக்கக் கூடாது. கட்டைவிரல்? அது பக்கத்துல இருக்கிற மனுசன். "நாலு வெரல மட்டும் வச்சிக்கிட்டு கருக்கருவா புடிக்க முடியுமாடா?" என்று கேட்கும். எந்த இறையியல் கல்லூரியிலும் இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கவில்லை.

1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இல்லாத யாரும் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டார்கள். என் சித்தப்பா கிறிஸ்தவப் பேரோடு படிக்கப் போனார். கூடப் படித்த சேரிப் பையனுக்கு உதவித்தொகை வந்தது, இவருக்கு வரவில்லை. படிப்பு நின்றது, வயலுக்கு வந்தார். இதைக் கண்ணால் பார்த்த அப்பா, என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது வேறு பேர் கொடுத்து 'இந்து ஆதிதிராவிடர்' என்று எழுதிவிட்டார். ஆயா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. "சாமிகிட்ட பாதி, சர்க்காருகிட்ட பாதியா?" என்றதாம்.

அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பேரில்தான் படித்தேன், அந்தப் பேரில்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் முழு இருதயம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. நம்மிடம் முழுசாய்க் கேட்ட திருச்சபை நமக்கு எவ்வளவு கொடுத்தது? இதைத் தேடிப் போனபோதுதான் ராஜநாயக்கன் கிடைத்தார்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்திறங்கியது 1706 ஜூலையில். பாடப்புத்தகத்தில் அச்சுக்கூடம், காகித ஆலை, தமிழ்ப் புதிய ஏற்பாடு எல்லாம் வரும். 1707 மே மாதம் அந்த மிஷனில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள் என்பது அநேகமாக வராது. தமிழ் மண்ணின் புராட்டஸ்டண்ட் சபை அடிமைகளின் தலையில் தண்ணீர் ஊற்றித்தான் தொடங்கியது. இதை நாம் மறக்கத் தேவையில்லை, மறந்தவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் தமிழில் அச்சாயின. அந்தப் பிரதிகளில் ஒன்று தஞ்சை மராட்டிய அரசரின் படையில் வேலை பார்த்த ஒரு பறையரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்தான் ராஜநாயக்கன். பிறப்பால் கத்தோலிக்கர், படிக்கத் தெரிந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் சேரியில் ஒருவர் உட்கார்ந்து வேதம் வாசித்தார் என்பதே நம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளுக்கெல்லாம் நேர் எதிரான செய்தி. அவருக்கு யாரும் கோதுமை கொடுக்கவில்லை, பால்பவுடர் கொடுக்கவில்லை. 'சோத்துக்கு மதம் மாறினவன்' என்று இன்றுவரை நம்மை ஏசுகிறவர்கள் இந்த மனிதரை எங்கே வைப்பார்கள்? புத்தகம் வாசித்தார், நெஞ்சு பற்றிக்கொண்டது, மிஷனரிகளுக்கு எழுதினார், 1727இல் தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தார். படை வேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். பழைய சபையாரின் பகையைச் சம்பாதித்தார்.

அந்தக் காலத்தில் தஞ்சை அரசின் எல்லைக்குள் வெள்ளைக்கார மிஷனரி நினைத்தபடி நுழைய முடியாது. ஊர் ஊராய் நடந்தது, வாசித்துக் காட்டியது, கூட்டம் சேர்த்தது, அடிக்குப் பயப்படாமல் நின்றது எல்லாம் ராஜநாயக்கன் போன்ற உள்ளூர் ஆட்கள்தான். தஞ்சைச் சபை என்றால் பின்னால் வந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியாரைச் சொல்லுவார்கள். ஷ்வார்ட்ஸ் இந்தியாவுக்கு வந்ததே 1750இல். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே அங்கே வரப்பு வெட்டி வைத்தவர் ஒரு பறையர்.

மிஷனுக்கு உள்ளூர்க் குருமார் தேவைப்பட்டார்கள். 1733 டிசம்பரில் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்ட் திருச்சபையில் குருவான முதல் தமிழர், கடலூரைச் சேர்ந்த வெள்ளாளர். அவர் நல்லவர், உழைத்தவர், அவர்மீது எனக்கு வழக்கு இல்லை. அடுத்த பட்டம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பேர் எழுந்தது. அவர் விசுவாசத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை, உழைப்பிலும் இல்லை. ஆனால் 1741இல் பட்டம் கிடைத்தது தியோகு என்ற வேறொருவருக்கு. அவர் பறையர் இல்லை.

காரணத்தை மிஷனரிகள் மறைக்கவில்லை. அவர்கள் நிலைப்பாட்டின் சாரம் இதுதான்: ராஜநாயக்கன்மேல் எங்களுக்கு நேசம் உண்டு, ஆனால் அவர் கையால் திருவிருந்து கொடுக்க வைப்பதற்கு எங்களுக்கே தயக்கமாக இருக்கிறது, கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் திருவிருந்தின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடும். டென்னிஸ் ஹட்சன் 2000இல் வெளியிட்ட தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளின் தொடக்கம் பற்றிய நூலில் இந்த விவகாரம் வருகிறது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர் பிரசங்கம் பண்ணலாம், வாயில் தீட்டு இல்லை. ஊர் ஊராய் நடக்கலாம், கால் தேவைப்படுகிறது. கை மட்டும் ஆகாது. கிறிஸ்துவின் சரீரம் என்று சொல்லப்படும் அப்பம் ஒரு பறையன் விரல் பட்டால் மதிப்பிழந்துவிடும். அப்பத்தைவிடச் சாதி பலமாக இருக்கிறது என்பதை மிஷனே ஒத்துக்கொண்டுவிட்டது. ஆயாவின் விரல் கணக்குப்படி, ராஜநாயக்கன் ஐந்து விரலும் உள்ள முழுக் கை. மறுபக்கம்தான் கட்டைவிரலை வெட்டிப் போட்டுவிட்டு நாலு விரலால் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

அவர் என்ன செய்தார்? விட்டுவிட்டுப் போகவில்லை. 1771இல் சாகிறவரை உபதேசியாராகவே இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல். இதை அடிமைப் புத்தி என்று நம் தோழர்கள் சிலர் சொல்லக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்லத் தோன்றவில்லை. அவர் நேசித்தது மிஷனை அல்ல என்றுதான் படுகிறது. தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கிய நந்தனுக்கு நெருப்பு வைத்தார்கள். ராஜநாயக்கனுக்கு நெருப்பு வைக்கவில்லை, 'நாளை' மட்டும் கொடுத்தார்கள்.

தில்லை என்றதும் இன்னொருவர் ஞாபகம். தென் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர். கடவுளைத் தேடிச் சிதம்பரம்வரை நடந்து போனவர், அங்கே மனம் ஆறாமல் தஞ்சைக்கு வந்து வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். வெள்ளைக்காரர் அவரைத் தேடி வரவில்லை, இவர்தான் ரிங்கல்தௌபேயை 1806இல் மயிலாடிக்கு வரவழைத்தார். குமரிக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதும்போது யார் பேரை முதலில் எழுதுவது என்பதில் நமக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

மறுபடி தஞ்சைக்கு வருவோம். ராஜநாயக்கன் இறந்து அறுபது வருஷம் கழித்து, 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் கலவரமான எதிர்ப்பு. ஒரே இடத்தில் உட்கார மாட்டோம், ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டோம் என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். அதற்கு முன்பே 1820களின் கடைசியில் புது மிஷனரிகள் இதை ஆரம்பித்தபோது சாதி ஆசாரத்துக்காக வாதாடி எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அவர் பாட்டுகளில் பக்தி பொங்கும், எங்கள் ஆயாவும் அவற்றைப் பாடிக் கண்ணீர் விட்டதுண்டு. பக்தியும் சாதியும் ஒரே நெஞ்சில் அவ்வளவு சௌகரியமாகக் குடியிருக்க முடியும் என்பதை அவரை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். வெளியேறியவர்களில் பலருக்குப் பின்னால் லைப்சிக் மிஷன் இடம் கொடுத்தது. சாதி வெறும் சமூக வழக்கம், மெல்லத் திருந்தும் என்பது அதன் வாதம். மெல்ல என்றால் எத்தனை தலைமுறை என்று யாரும் சொல்லவில்லை.

கத்தோலிக்கர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சுவர், ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் முதலானோர். 1910இல் பிஷப் சுவரை இடிக்கச் சொன்னதும் வெள்ளாளர் உயர்நீதிமன்றம்வரை வழக்காடித் தோற்றார்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, மடத்துக்குள்ளேயும் இதுதானா என்று பதறியவர்கள் இந்த வரலாற்றைப் படிக்காதவர்கள்.

ஆயாவின் பாதி சர்க்கார் பேச்சுக்கு வருகிறேன். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த தொழிலாளிகளுக்கு அரசாங்கம் பெட்டிக்கடை கொடுத்தபோது, ஆதிதிராவிடர்தான் ஆனால் கிறிஸ்தவர் என்பதால் ஒருவருக்கு மறுக்கப்பட்டது. அவர் உச்சநீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாதாம். புதிய மதத்துக்குள்ளும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று ஆதாரம் காட்ட வேண்டுமாம். ஆதாரமா? இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னேயே மிஷன் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறதே! 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையம் மாறி ஆணையம் வந்தாலும் கேள்வி ஒன்றுதான், நாங்கள் இழிவாக நடத்தப்படுகிறோமா என்று. இதில் சபைக்கும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. 'எங்களிடம் சாதி இல்லை' என்று பிரசங்கமேடையில் சொல்லிவிட்டு, 'எங்களிடம் சாதி இருக்கிறது' என்று டெல்லிக்கு மனுப் போட வேண்டும். ரெண்டு பேர் எனக்கு மட்டுமில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாட்டும் பாடமும் சொல்லித் தந்த 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு 2005இல் காலமானார். சாத்தானின் வாத்தியம் என்று தள்ளப்பட்ட பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உட்கார்ந்து தின்பதுதான் திருவிருந்து என்பது அவர் எண்ணம். அந்த உலை ஞாபகத்தோடு எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் திருவிருந்துக்கு முதலில் குடியானத் தெரு போகும், கடைசியில் சேரி போகும். எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். 1987இல் எங்கள் பக்கத்துச் சேரியைச் சேர்ந்த பையன் ஒருவர் படித்துப் பட்டம் பெற்று எங்கள் கோயிலுக்கே போதகராக வந்தார். போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவது எங்கள் வழக்கம். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல் பல வாயில் வரவில்லை. முதல் திருவிருந்து ஞாயிறு, குடியானத் தெருவின் பெஞ்சுகள் பாதிக்கு மேல் காலி. உடம்பு சரியில்லை, கல்யாணம், ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று காரணங்கள். 1741இல் எதற்குப் பயந்தார்களோ அது அப்படியே எங்கள் கண்முன் நடந்தது. அப்போது எனக்கு ராஜநாயக்கனைத் தெரியாது.

யார் முதலில் போவது என்று தெரியாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஆயா எழுந்தது. எண்பது வயசு இருக்கும். கம்பைப் பெஞ்சில் சாத்திவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் நடந்துபோய் முதல் ஆளாக முழங்கால் போட்டது. அப்பத்தை வாங்கியது, பாத்திரத்தில் குடித்தது, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "ஆயா, நம்ம ஐயர் கையால வாங்கினியே, எப்படி இருந்துச்சு?"

"அப்பம் அதே அப்பந்தான்டா. அந்தப் புள்ள கைதான் நடுங்குச்சு."