அண்மை (தென்காசி – குற்றாலம்)

அண்மை என்பது இரண்டு இடங்களோ பொருள்களோ மனிதர்களோ ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் நிலை. சாலைத் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிவிடலாம். பக்தியிலும் நட்பிலும் நாட்டெல்லையிலும் உள்ள நெருக்கத்துக்கு அந்த அளவுகோல் உதவாது. சுமார் 5 கி.மீ. இடைவெளியில் அமைந்த தென்காசியும் குற்றாலமும் இந்த எல்லா வகை நெருக்கத்தையும் காட்டக்கூடிய ஊர்கள்.

இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை, மலைக் கணவாய் பக்கத்தில் இருப்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கம் மட்டும் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. அதன் வழியே நுழையும் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலாகத் தூறும். அதே நாட்களில் கிழக்கே சுமார் 55 கி.மீ. தள்ளியுள்ள திருநெல்வேலியில் வெயில் கொளுத்தும். ஈரத்தைத் தென்காசியோடு தொலைத்துவிட்ட காற்று ஆலங்குளம், கயத்தாறு வட்டாரங்களின் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு போகும். குற்றால அருவிகளில் நீர் கொட்டும் இந்தச் சீசன் நாட்களில் வெளியூர் உறவினர் தொலைபேசியில் நலம் விசாரிக்கும் முன்பே “தண்ணி விழுதா?” என்று கேட்பது இப்பகுதியில் வழக்கம்.

இந்தக் காற்றை மிகக் கிட்டத்தில் உணர வேண்டுமானால் தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நிற்க வேண்டும். கிழக்கு நோக்கிய வாசல் என்பதால், உள்ளே போகிறவரின் முகத்தில் மேற்குக் காற்று அறையும். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். கோயிலைக் கட்டியவன் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பராக்கிரம பாண்டியன். திருப்பணி 1446இல் தொடங்கியது. காசிக்குப் புறப்பட்டு வழியிலேயே உயிர்விட்ட பக்தர்களுக்காக இறைவன் தெற்கே வந்தார் என்றும், அரசனின் கனவில் கட்டளையிட்டபடி எறும்புச் சாரை போய் முடிந்த சிற்றாற்றங்கரையில் கோயில் எழுந்தது என்றும் மரபு சொல்கிறது. எட்டாத காசியை நடந்து சேரும் தூரத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது.

பராக்கிரம பாண்டியன் காலம் என்ற இன்னொரு தூரத்தையும் கடக்கப் பார்த்தான். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்து, அதைச் சீர்செய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்று அவன் பெயரில் ஒரு கல்வெட்டுப் பாடல் உண்டு. முகமறியாத பிற்காலத்தாரை அரசன் ஒருவன் வணங்குவது தமிழ்க் கல்வெட்டுகளில் அடிக்கடி காணும் தொனி அல்ல. குறை நேரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. பிறகு ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்கு கண்டது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரம் இருக்கிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இதுவே. குற்றாலத்து இறைவன் குற்றாலநாதரின் உலாவைப் பார்த்து ஏங்கும் வசந்தவல்லி, அவளுக்குக் குறி சொல்ல வரும் குறத்தி, குறத்தியைத் தேடி அலையும் சிங்கன் என்று நூல் முழுவதும் நெருங்கத் துடிப்பவர்களே வருகிறார்கள். நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது.

அருவியிடம் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்குக் குற்றாலத்தில் கண்ணால் பார்க்கும் அளவு ஒன்று உண்டு. பேரருவி மேலிருந்து நேராகத் தரைக்கு வருவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து வேகம் தணிந்துதான் இறங்குகிறது. அதனால்தான் அதன் அடியில் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. வெள்ளம் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை விதிப்பார்கள். வெள்ளம் எல்லா நேரமும் முன்னறிவிப்போடு வருவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது.

மனித நெருக்கத்துக்கு இங்கே பெயர்பெற்றவர் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிக் கம்பனை அனுபவித்த நண்பர் குழு ‘வட்டத்தொட்டி’ எனப்பட்டது. பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேற, ராஜாஜியும் கல்கியும் அங்கே அவரைத் தேடி வந்தார்கள். வர முடியாதவர்களைக் கடிதங்களால் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் 1954இல் மறைந்தார். அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. கட்டுரைகளில் இருப்பதைவிட டி.கே.சி.யின் குரல் அவற்றில்தான் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லத் தோன்றும்.

எல்லையின் அண்மை வேறு மாதிரியானது. தென்காசியிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள பிரானூரில் எல்லை ஓடியது. செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தபின் எல்லை புளியரைக்கு அப்பால் மேற்கே நகர்ந்துவிட்டது. ஆனாலும் பிரானூர் இன்றும் பேச்சில் ‘பார்டர்’தான். அங்குள்ள உணவகங்களின் புகழால் ‘பார்டர் பரோட்டா’ என்ற பெயர்ப் பலகை எந்த எல்லையும் இல்லாத ஊர்களிலும் தொங்குகிறது. பாவூர்சத்திரம் சந்தையின் காய்கறி லாரிகள் அந்த வழியாகவே கேரளத்துக்குப் போகின்றன. ஓணம் நெருங்கினால் சந்தையில் விலையும் ஏறும்.