நாடா வைத்த பாவாடை

மலாயாவில் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் முடிந்தது. குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவில் உள்ள லாயாங் லாயாங் அந்தப் பாதையில் ஒரு நிலையம். சுற்றிலும் தோட்டங்கள். அவற்றில் உலு ரெமிஸின் பெயரைச் செம்பனை வித்து ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் அறிவார்கள். அந்தத் தோட்டங்களின் லயங்களில் வளர்ந்த பெண்பிள்ளைகள் உடுத்திய பாவாடையைப் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்ததாகத் தெரியவில்லை.

கங்காணிகளோடு கப்பலேறிய தலைமுறைப் பெண்களில் பலருக்கு உள்பாவாடைப் பழக்கமே கிடையாது. சேலையை நேராக உடம்பில் சுற்றிக்கொண்டார்கள். சேலைக்குள் பாவாடை, மேலே ரவிக்கை என்ற உடுப்பு முறையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கத்தில் பரப்பியவர்களில் முக்கியமானவர் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி. மாளிகையில் தொடங்கிய அந்தப் பழக்கம் பால்வெட்டுக்காரர்களின் லயம் வரை வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

வந்த பிறகு அது அங்கேயே தங்கியதற்கு நாடாதான் காரணம். அளவுநாடா இல்லாத வீட்டிலும் பாவாடை தைக்கலாம். இடுப்பைப் போல இரண்டரை, மூன்று மடங்கு அகலத்துக்குத் துணி எடுத்து, பக்கங்களைச் சேர்த்து அடித்து, மேலே நாலு விரல் அளவு திறப்பு விடவேண்டும். மேல் விளிம்பை ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்தால் நாடா ஓடும் பட்டி தயார். நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி உள்ளே தள்ளிக்கொண்டே போனால் மறுபக்கம் வந்துவிடும். பிள்ளை வளருவாள் என்று தெரிந்த தாய், கீழ்ப்பக்கம் இரண்டு மடிப்பு கூடுதலாக வைத்துத் தைப்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். அகலத்தை நாடா பார்த்துக்கொள்ளும்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் 1928 வாக்கில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலி. ரப்பர் விலை விழுந்த 1930இல் அது 40, 32 என்று குறைந்தது. ஆணோடு சமமாக மரம் சீவியவளுக்கும் இதே கணக்குதான்.

தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்கும் முறையை சிங்கர் நிறுவனம் 1850களிலேயே அமெரிக்காவில் தொடங்கி, பிறகு மலாயாவுக்கும் கொண்டுவந்தது. லயத்தில் ஒரு வீட்டில் மிஷின் இருந்தால் அந்த வரிசைக்கே தையல் நடக்கும். கையால் சுற்றுவதோ காலால் மிதிப்பதோ, எதற்கும் மின்சாரம் வேண்டாம் என்பது தோட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

1942இல் ஜப்பானியர் வந்ததும் துணி அரிதாகிப்போனது. ஆண்களில் பலரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாவில் எஞ்சியிருந்தவர்களில் பலர் சாக்குத் துணியை உடுத்தினார்கள், ரப்பர் ஷீட்டைக்கூட உடம்பில் சுற்றிக்கொண்டார்கள். சாக்குப் பாவாடை சொறியும், ரப்பர் வெயிலில் புழுங்கும். கட்டியவர்களுக்கு வேறு வழியில்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை பெருகியது, பிள்ளைகள் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் வேலைக்குப் போனார்கள். எலாஸ்டிக் வைத்த ஆயத்தப் பாவாடையும் கடைக்கு வந்தது. ஆனாலும் சேலை கட்டுபவர்கள் நாடாவை விடவில்லை: எலாஸ்டிக் கொசுவத்தின் கனத்தைத் தாங்காது.

அந்தப் பிடிப்புக்கு ஒரு விலையும் உண்டு. வேட்டியை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் வரும் தோல் புற்றுநோயைப் பற்றி மும்பை மருத்துவர் கானோல்கர் 1945இலேயே எழுதினார். 2024இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ், சேலை உடுப்பை இடுப்பில் இறுக்கிக் கட்டியதால் அதே நோய் வந்த இரண்டு இந்திய மூதாட்டிகளைப் பற்றி வெளியிட்டது. நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், தோல் புண்ணானால் லூசான உடைக்கு மாறுங்கள் என்பது அவர்களில் ஒருவர் சொன்ன யோசனை.