கிட்டப்பாவின் சுருதியும் என் மியூசிக் சர்வரும்

வீட்டில் மியூசிக் சர்வர் கட்டுவது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. 2012ல் ராஸ்பெர்ரி பை வந்ததிலிருந்து உள்ளங்கை அளவு போர்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் நல்ல டிஏசி ஒன்றும் போதும். 2001ல் வெளியான ஃபிளாக் வடிவத்தில் பாட்டைச் சேமித்தால் ஒரு பிட் கூடக் குறையாது. நானும் அஞ்சுகிராமத்து வீட்டில் ஒன்று கட்டினேன். அதில் ஏற்றியது பாட்டா விட்டுட்டுப் போன கிராமபோன் பிளேட்டுகளை. முக்கியமா, எஸ்.ஜி. கிட்டப்பா.

1906ல் செங்கோட்டையில் பிறந்து 1933ல், 27 வயதில் போய்விட்ட நாடக நடிகர். 1956 வரை செங்கோட்டையும் எங்க ஊர் மாதிரி திருவிதாங்கூர்தான். சினிமாவில் அவர் நடிக்கவில்லை. குரலென்று மிஞ்சியது இந்த அரக்குத் தட்டுகள் மட்டும்தான். (அரக்குன்னு சும்மா சொல்லல. ஷெல்லாக் ஆல்கஹாலில் கரையும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஒரு தட்டை நானே நாசம் பண்ணியிருக்கேன்.)

எல்லாத்தையும் ஏற்றி முடித்து, பெருமையாப் போட்டுக் காட்டினேன். அம்மா சொன்னது: "கிட்டப்பா கொரலு இப்படிக் கீச்சுன்னு இருக்காது மக்களே."

அம்மா சொன்னது சரி. என் டர்ன்டேபிள் நிமிஷத்துக்கு 78 சுற்றுக்குப் பதிலா 81 சுற்றியிருக்கு. 3 நிமிஷப் பக்கம் 7 விநாடி குறைஞ்சு, சுருதி அரைக் கட்டையில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. உச்சஸ்தாயிக்கே பேர்போன மனுஷனை இன்னும் மேலே தூக்கிவிட்டிருக்கேன்! சர்வரோ அந்தத் தப்பை ஒரு பிட் பிசகாம ஒவ்வொரு தடவையும் ஒப்பிக்கும்.

வேகத்தைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். நிமிஷத்துக்கு 6000. 77 கோடு போட்ட காகித வட்டத்தைத் தட்டின் மேல் வைத்துச் சுழற்றினால், 77.92 வேகத்தில் கோடுகள் அப்படியே நின்ற மாதிரி தெரியும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 92 கோடு, வேகம் 78.26. எல்இடி பல்பில் இதை நம்ப முடியாது.

ஃபைல்களை மென்பொருளில் 78/81 என்று மெதுவாக்கினேன். பிரச்சினை அதோடு தீரவில்லை. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு இயந்திரம் எப்போதும் துல்லியமா 78ல் ஓடியதென்று சொல்ல முடியாது. லேபிளில் 78 என்று இருந்தாலும் தட்டு வெட்டப்பட்ட வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பக்கவாத்தியமா ஆர்மோனியம் இருந்தால் ஒரு பிடி கிடைக்கும்; அதன் சுருதி இரண்டு கட்டைக்கு நடுவே விழுந்தால் வேகத்தைச் சந்தேகப்படலாம். ஆனால் அன்றைய ஆர்மோனியம் இன்றைய 440 ஹெர்ட்ஸ் கணக்குக்கு ஒத்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

என்னைக் கேட்டால், கேபிளுக்குச் செலவழிக்கும் பணத்தில் 78க்கான தடித்த ஊசி ஒன்று வாங்குங்கள். எல்பி ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் உராய்ந்து வெறும் இரைச்சலைத்தான் எடுக்கும்.

இப்போ ஒவ்வொரு பாட்டுக்கும் சர்வரில் இரண்டு ஃபைல் இருக்கு: தட்டிலிருந்து வந்தபடி ஒன்று, திருத்தியது ஒன்று. எந்த வேகத்தில் எடுத்தேன் என்பதை டேகில் எழுதி வைத்திருக்கிறேன். திருத்தியதைக் கேட்டுட்டு அம்மா, "இது கொஞ்சம் தேவலாம்" என்றார். சரின்னு இன்னும் சொல்லவில்லை.