உமிழ்நீர்ச் சுரப்பிகள்: அமைப்பு வேறுபாடுகளும் அறுவை மருத்துவமும்

மனித உடலில் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணைகளாக உள்ளன: பரோட்டிட் எனப்படும் கன்னச் சுரப்பி, கீழ்த்தாடைச் சுரப்பி, நாவடிச் சுரப்பி. இவற்றின் வடிவமும், நாளங்களும், ஒட்டிச் செல்லும் நரம்புகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அறுவை மருத்துவர் இதை அறிந்திருப்பது இன்றியமையாதது.

வரலாறு

கீழ்த்தாடைச் சுரப்பியின் நாளத்தை லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656இல் ‘அடினோகிராஃபியா’ என்ற நூலில் விவரித்தார். கன்னச் சுரப்பியின் நாளத்தைக் கண்டறிந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆராய்ந்தார். நாளத்துக்குள் அவர் செலுத்திய கம்பி வாய்க்குள் சென்று பல்லில் தட்டியது. அப்போது அவருக்கு வயது 22. அவருக்குப் பாடம் சொன்ன ஹெரார்டு பிளாசியஸ் அந்தக் கண்டுபிடிப்பு தம்முடையது என்றார், அக்கோரிக்கை எடுபடவில்லை. லைடன் பேராசிரியர் யோஹானஸ் ஃபான் ஹோர்னே நாளத்துக்கு மாணவர் ஸ்டென்சனின் பெயரையே சூட்டினார். நாவடிச் சுரப்பியின் சிறு நாளங்களை 1679இல் ரிவினஸ் என்ற மருத்துவர் விவரித்தார்.

அமைப்பு வேறுபாடுகளின் வகைகள்

1. துணைக் கன்னச் சுரப்பி: முதன்மைச் சுரப்பியிலிருந்து விலகி, மெல்லும் தசையின் மேல், ஸ்டென்சன் நாளத்தை ஒட்டி அமைகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது உண்டு.

2. கன்னச் சுரப்பிக்குள் முக நரம்பின் கிளைப்பு: 1956இல் டேவிஸ் குழுவினர் 350 முகப் பாதிகளை அறுத்து ஆராய்ந்து, கிளைப்பை ஆறு வகையாகப் பிரித்தனர். கிளைகள் ஒன்றோடொன்று இணையாத வகை 13 விழுக்காடே.

3. ஸ்டாஃப்னே குழி: கீழ்த்தாடை எலும்பின் உட்புறப் பள்ளம். பெரும்பாலும் இதற்குள் உமிழ்நீர்ச் சுரப்பித் திசு இருக்கும். எட்வர்ட் ஸ்டாஃப்னே 1942இல் இத்தகைய 35 குழிகளை விவரித்தார்.

4. நாவடிச் சுரப்பிப் பிதுக்கம்: வாயின் அடித்தளத் தசையிலுள்ள இடைவெளி வழியே சுரப்பி கீழே இறங்குகிறது.

5. பிறவியிலேயே சுரப்பி இல்லாமை: அரிது. வாய் வறட்சியும் பற்சொத்தையும் தோன்றும்.

அறுவை மருத்துவத்தில்

முக நரம்பு கன்னச் சுரப்பியை மேல்மடல், ஆழ்மடல் என இரண்டாகப் பிரிக்கிறது. அறுவையின்போது நரம்பின் முதன்மைத் தண்டை முதலில் கண்டறிந்து கிளைகளைப் பின்தொடர்வது வழக்கமான முறை. துணைச் சுரப்பிக் கட்டி நடுக்கன்னத்தில் தோன்றும். நேரே கன்னத்தைக் கீறினால் நரம்புக் கிளைகள் அறுபட்டு முகம் கோணக்கூடும். ஆகவே காதின் முன்புறக் கீறலே நன்று. கீழ்த்தாடைச் சுரப்பியில் உண்டாகும் கல்லை எடுக்கையில், வார்ட்டன் நாளத்தின் அடியில் குறுக்கிடும் நாக்கு நரம்பைக் காக்க வேண்டும். ஸ்டாஃப்னே குழிக்கும் நாவடிப் பிதுக்கத்துக்கும் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. இவற்றைக் கட்டி எனக் கருதி அறுப்பது தவிர்க்கத்தக்கது.

இவ்வேறுபாடுகளை அறியவும் நரம்பைக் காக்கவும் இன்று எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட், நாள அகநோக்கி, நரம்புக் கண்காணிப்புக் கருவி ஆகியவை பயன்படுகின்றன.