அரைக்கால் வேலியும் ஒரு மாட்டுவண்டியும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே நாம் கொண்டாடுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921-ஆம் ஆண்டுச் சாசனத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விதியும் உண்டு. ஓலையில் பெயர் எழுதப்பட, கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். ஒரு வேதமும் நான்கு பாடியங்களுள் ஒன்றும் கற்றுப் பிறர்க்கு எடுத்துரைக்க வல்லவர்க்கோ அரைக்கால் வேலியே போதும். கல்வி, நிலத்தில் பாதிக்கு ஈடாயிற்று.

பெருமைதான். ஆயினும் அது பிரமதேயச் சபையின் விதி. அக்கல்வி ஊரில் பலருக்கு எட்டாதது. உழுதவனும் பெண்ணும் அக்கணக்கில் இல்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1931 அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் வேறொரு கணக்குத் தொடங்கிற்று. பொறியாளரான கனகசபைப் பிள்ளை என்னும் புத்தகப் பிரியர், நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். தகுதி கேட்கவில்லை, படிக்க விரும்பினால் போதும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவரது இடையறா முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதலாவது. அச்சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தது.

ஆகவே நூலகம் யாரோ இட்ட கொடையன்று; வரி கட்டுவோர் அனைவரின் உடைமை. வண்டி அன்று வாசலுக்கு வந்தது. இன்று ஊர்ப்புற நூலகத்தின் படியேற நமக்குத் தடையாக நிற்பது நிலமுமன்று, குலமுமன்று, நம் சோம்பலே. படித்ததைப் பிறர்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்ற அப்பழைய நிபந்தனையை மட்டும் நாம் கைவிடாதிருப்போம்.