கைகட்டி நிற்காத பணிவு



பணிவு என்றதும் பெரிய மனிதர்முன் கைகட்டி நிற்பதே நம் நினைவுக்கு வருகிறது. இயேசுவின் மிதியடி வாரை அவிழ்க்கவும் தமக்குத் தகுதியில்லை என்ற திருமுழுக்கு யோவான், சகோதரன் மனைவியை வைத்திருந்த எரோதுவிடம் அது முறையல்ல என்று நேரிலேயே சொன்னார், தலையை இழந்தார்.

அவர் பெயரைத் தாங்கிய ஒருவர் நம் காரைக்காலுக்குத் தெற்கே ஓரியூரில் அப்படியே இறந்தார். ஜான் டி பிரிட்டோ, நம் அருளானந்தர். லிஸ்பன் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர்; இங்கே காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பண்டார சுவாமியாக அலைந்தார். பிராமண சந்நியாசிக் கோலத்தில் மதிப்பு கூடியிருக்கும். ஆனால் ஒடுக்கப்பட்டவர் வீட்டுப் பக்கம் போக முடியாது. 1687இல் லிஸ்பன் சென்றவரை மன்னர் அங்கேயே தங்கச் சொன்னார். 1690இல் திரும்பிவிட்டார்.

பல மனைவியரைக் கொண்ட தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, ஒருத்தியோடு மட்டும் வாழவேண்டும் என்றார் அருளானந்தர். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். (அந்தப் பெண்களின் கண்ணீரை நம் மறையுரைகள் சொல்வதேயில்லை.) 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

ஓரியூர்ச் செம்மணலைப் பொட்டலமாக மடித்துக் கொண்டுவருகிறோம். செல்வாக்குள்ளவர் வீட்டுத் திருமணம் என்றால், பங்குச் சாமியார்களாகிய நாமே கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் ஓலை வாசித்துவிடுகிறோம்.