மூன்று வோல்ட் ஆயிரம் வோல்ட் ஆன கதை

மாலையில் கொசு மட்டையை வீசுகிறீர்கள். ‘பட்’ என்ற ஓசையுடன் தீப்பொறி தெறிக்கிறது. அந்தக் கம்பி வலைகளுக்கிடையே ஆயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கிறது. கைப்பிடிக்குள் இருப்பதோ மூன்று, நான்கு வோல்ட் மின்கலம்தான். ஒன்றரை வோல்ட் மின்கலங்களை அடுக்கி 1,500 வோல்ட் பெற வேண்டுமானால் 1,000 மின்கலங்கள் தேவை! பின் எப்படி இது இயல்கிறது?

தொடக்கத்தில் விஞ்ஞானிகளும் அடுக்கத்தான் செய்தார்கள். 1800-இல் இத்தாலியின் வோல்ட்டா மின்கல அடுக்கை அறிவித்தார். சில ஆண்டுகளில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவிக்கு 2,000 இணைத் தகடுகள் கொண்ட பேரடுக்கு கிடைத்தது.

வேறு வழியைக் காட்டியவர், டேவியிடம் உதவியாளராக இருந்த மைக்கேல் ஃபாரடே. 1831-இல் அவர் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்துடன் இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே மற்றதில் மின்னோட்டம் தோன்றியது. மின்னோட்டம் சீராக ஓடும்போது ஒன்றும் நிகழவில்லை. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது: மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டார் அயர்லாந்தின் மேனூத் கல்லூரிப் பேராசிரியரான பாதிரியார் நிக்கோலஸ் காலன். 1836-இல் தடித்த கம்பியைச் சில சுற்றுகளும், மெல்லிய கம்பியை மிகப் பல சுற்றுகளும் சுற்றித் தூண்டு சுருளை உருவாக்கினார். சுற்றுகள் பெருகினால் மின்னழுத்தமும் பெருகும். கடிகார உறுப்பு ஒன்றைக் கொண்டு மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டித்தார். அழுத்தத்தை அளக்கத் தக்க கருவி இல்லாததால், மாணவர்களைத் தொடச் சொல்லி அதிர்ச்சியின் அளவைக் கணித்தாராம். மயங்கி விழுந்தவரும் உண்டு என்பார்கள்!

பின்னர் பாரிஸில் ரும்கார்ஃப் இச்சுருளை மேம்படுத்தி, 1864-இல் மூன்றாம் நெப்போலியன் அளித்த 50,000 ஃபிராங்க் பரிசைப் பெற்றார். 1895-இல் ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டதும் இத்தகைய சுருளின் துணையால்தான்.

இன்று உங்கள் மட்டைக்குள் கடிகார உறுப்பின் வேலையை ஒரு டிரான்சிஸ்டர் செய்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தை விட்டு நிறுத்துகிறது. சிறு மின்மாற்றி அதைச் சில நூறு வோல்ட்டாக்குகிறது. அடுத்து டயோடுகளும் மின்தேக்கிகளும் ஏணிப்படி போல அழுத்தத்தை மேலும் ஏற்றுகின்றன. இந்த ஏணி முறையால் சுமார் 7 லட்சம் வோல்ட் உண்டாக்கித்தான், 1932-இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுவைப் பிளந்தார்கள்!

அப்படியானால் ஆற்றல் இலவசமாகப் பெருகுகிறதா? இல்லை. மின்னழுத்தம் ஏறும் அளவுக்கு மின்னோட்டம் இறங்குகிறது. சொட்டுச் சொட்டாக நிரம்பிய குடத்தை ஒரே வீச்சில் கவிழ்ப்பது போல, மின்தேக்கி தன் சேமிப்பை ஒரு கணத்தில் கொட்டிவிடுகிறது.

ஒன்றை மறவாதீர்கள். மின்கலத்தை எடுத்துவிட்டாலும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். பழைய கேமராவின் ஃப்ளாஷ் விளக்கைத் திறந்து பார்க்கும் ஆவல் எழுகிறதா? சற்றுப் பொறுங்கள். காலனின் மாணவர்கள் பட்ட பாடு நமக்கு வேண்டாம்!